கார்டுக்குப் பின்னாடி யாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மேஜிக்: த கேதரிங் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வந்து குவியும்னு நினைக்கல. அதுலயும் பாதிப் பேர் கேட்டது எப்படி ஆடுறதுன்னு இல்ல, அந்தக் கார்டுல இருக்கிற ஆளுங்க யாரு, என்ன ஊரு, எதுக்கு இப்படி அடிச்சுக்கிறாங்கன்னுதான். அதனால இந்த தடவை மத்த கேம் எல்லாத்தையும் ஓரமா வச்சாச்சு. புதுசா வர்றவங்களுக்கு மட்டும் ஒரு வரி: 1993 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி போட்ட கேம், டிசைன் பண்ணவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணக்குல டாக்டர் பட்டம் வாங்கினவர், முதல் செட்ல (ஒண்ணா வெளியிடுற கார்டுத் தொகுப்புதான் செட்) 295 கார்டு. ட்ரேடிங் கார்டு கேம்னு இன்னிக்கு நாம சொல்ற வகையே இதுல இருந்து கிளம்பினதுதான்.

கோவை கல்லூரி மாணவர்: அண்ணா, ஜெயிக்க நம்பர் தெரிஞ்சா போதாதா? இந்தக் கதையெல்லாம் எதுக்கு?

ஜெயிக்கிறதுக்குக் கதை வேணாம் தம்பி. கதை ஒரு வரி தெரியாம டோர்னமென்ட் அடிச்சவங்க எக்கச்சக்கம். ஆனா நீ கதை படிக்காட்டியும் கதைக்குள்ளதான் உக்காந்து ஆடிட்டு இருக்கே, அதான் இதுல வேடிக்கை. இந்த கேம்ல நீ யாரு? ப்ளேன்ஸ்வாக்கர், ஒரு உலகத்துல இருந்து இன்னொரு உலகத்துக்குத் தாவத் தெரிஞ்ச மந்திரவாதி. லேண்ட் கார்டு போடுறியே, அது நீ போய்ப் பழகின இடம், அந்த இடத்தோட உனக்கு இருக்கிற ஒட்டுதல்ல இருந்துதான் மானா, அதாவது மந்திரம் போடத் தேவையான சக்தி, சுரக்குது. உன் டெக்குக்கு, அதாவது நீ ஆடக் கொண்டு வர்ற கார்டுக் கட்டுக்கு, பேரே லைப்ரரி, உனக்குத் தெரிஞ்ச மந்திரம் மொத்தமும் அதுல, கையில இருக்கிற ஏழு கார்டு இந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வர்றது.

இதை மனசுல வச்சுக்கிட்டு ஜேஸ் பெலரன் கார்டை எடுத்துப் பாரு, 2007ல லார்வின் செட்ல வந்தது. ஜேஸ் அடுத்தவன் மண்டைக்குள்ள பூந்து வேலை பாக்கிற ஆளு. சின்ன வேலைக்கு கார்டு எடுக்க விடுவான், ஆனா பலத்தைச் சேத்து வச்சு கடைசியா ஒரு பெரிய வேலை செய்வான் பாரு, எதிராளி லைப்ரரில இருந்து 20 கார்டை மொத்தமா கிரேவ்யார்டுக்கு, அதாவது கழிஞ்ச கார்டுக் குவியலுக்கு, தள்ளிடுவான். 60 கார்டு டெக்குல 20 போச்சுன்னா மூணுல ஒரு பங்கு ஞாபகம் காலி, லைப்ரரி வத்திப் போய் கார்டு எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்க முடியலைன்னா நீ தோத்துட்டே. ஒருத்தன் மூளையைத் துடைக்கிறதுன்னா என்னன்னு பத்து பக்கம் எழுதிக் காட்ட வேணாம், எதிர்ல உக்காந்து அந்த 20 கார்டை ஒண்ணொண்ணா எண்ணி வைக்கிறவன் மூஞ்சியப் பாத்தாலே போதும். என்னைப் பொறுத்தவரை கார்டு கேம்ல கதைன்னா இதுதான், கார்டு என்ன செய்யுதோ அதுதான் கதை, மத்ததெல்லாம் மேல தூவுற கொத்தமல்லி.

திருநெல்வேலி வாசகர்: அஞ்சு கலர்ல வொய்ட் நல்லவங்க, பிளாக் கெட்டவங்க. சரிதானே?

சரியில்ல. மேஜிக்ல மானாவும் மந்திரமும் வொய்ட், ப்ளூ, பிளாக், ரெட், க்ரீன்னு அஞ்சு கலரா பிரிஞ்சிருக்கு. முதல் செட்லயே அஞ்சு கலருக்கும் ஆளுக்கு ஒரு கார்டு, எல்லாம் ஒரே ஒரு மானாதான், எல்லாத்துலயும் மூணுங்கிற நம்பர். வொய்ட்டோட ஹீலிங் ஸால்வ் மூணு லைஃப் (இது தீர்ந்தா ஆட்டம் தோத்தீங்க) ஏத்தும், இல்லாட்டி மூணு அடியைத் தடுக்கும். ப்ளூவோட ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூணு கார்டு எடுக்க விடும். பிளாக்கோட டார்க் ரிச்சுவல் ஒண்ணைக் குடுத்து மூணு மானாவா வாங்கும், நாளைக்கு என்ன ஆகும்னு கவலைப்படாது. ரெட்டோட லைட்னிங் போல்ட் மூணு அடி. க்ரீனோட ஜயன்ட் க்ரோத் ஒரு ஜீவனை அந்த டர்ன் மட்டும் அடிக்கிற பலத்துலயும் தாங்குற பலத்துலயும் மூணு மூணு வளர்க்கும். ஒவ்வொரு கலரும் வாழ்க்கையில எதைப் பெருசா நினைக்குதுன்னு இந்த அஞ்சு கார்டுலயே சொல்லியாச்சு: ஒழுங்கு, அறிவு, அதிகாரம், இஷ்டப்படி இருக்கிறது, இயற்கை போற போக்குல போறது. (அஞ்சும் ஒரே வெயிட்டான்னு கேக்காதீங்க, ஆன்செஸ்ட்ரல் ரீகால் இன்னிக்கும் தலைசுத்துற பவர், ஹீலிங் ஸால்வை சீண்டக்கூட ஆள் இல்ல.)

இதுல எது கெட்டது சொல்லுங்க? எதுவும் அளவு மீறினாதான் கெட்டது. 2004ல வந்த கமிகாவா செட், ஜப்பான் கதைகளை வச்சு கட்டின உலகம். அங்க நடக்கிற மொத்தப் போருக்கும் காரணம் கோண்டான்னு ஒரு வொய்ட் ராஜா, சாகாம இருக்கணும்னு தெய்வங்களோட உலகத்துல இருந்து ஒண்ணைத் திருடிட்டு வந்துடுறார், தெய்வங்க சும்மா இருக்குமா. அவர் கார்டுல போட்டிருக்கு, அழிக்க முடியாதுன்னு. திருடின பொருளும் தனிக் கார்டா இருக்கு, அதுவும் மத்ததுக்கு அழியாத் தன்மை குடுக்கிற கார்டு. ராஜா மக்களுக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லுவார், வொய்ட் வில்லன் எப்பவும் அப்படித்தான் பேசும்.

மதுரை வாசகி: என் பையன் எட்டாவது படிக்கிறான். "அம்மா நான் இஸெட்"னு சொல்லிட்டுத் திரியுறான். இது ஏதாச்சும் வேண்டாத சங்கமா?

பயப்படாதீங்க மேடம், சேர்ந்தது பைத்தியக்கார விஞ்ஞானிங்க கூட்டத்துல, அதிகபட்சம் வீட்ல ஃபியூஸ் போகும். அது 2005ல வந்த ரவ்னிகாங்கிற உலகம், உலகம் முழுக்க ஒரே நகரம், காடு கரை எதுவும் கிடையாது, கண்ணுக்கெட்டின தூரம் கட்டிடம்தான். அதை ஆளுறது பத்து கில்டு, அதாவது சங்கம், அஞ்சு கலரை ரெண்டு ரெண்டா சேத்தா பத்து ஜோடி வருமில்லையா அந்தக் கணக்கு. இஸெட்ங்கிறது ப்ளூவும் ரெட்டும், அறிவும் அவசரமும் சேர்ந்தா வர்றது, அதுக்குத் தலைவர் நிவ்-மிசெட்னு ஒரு ட்ராகன், தான்தான் உலகத்துலயே பெரிய மூளைன்னு நினைப்பு. அஸோரியஸ் சட்டம் போடுற ஃபைல் கோஷ்டி. டிமிர் உளவு வேலை, அப்படி ஒரு கில்டே இல்லைன்னு ரொம்ப காலம் ஊர் நம்பிட்டு இருந்தது. கோல்காரி ஊர்க் குப்பையையும் பொணத்தையும் மக்க வச்சு வேலைக்கு எடுத்துக்கிற கூட்டம், அதனால அவங்க கார்டு செத்தாலும் கிரேவ்யார்டுல இருந்து கைக்குத் திரும்ப வரும்.

எனக்குப் பிடிச்சது ஆர்ஸோவ். கோயிலும் வட்டிக்கடையும் ஒண்ணா இருக்கிற கில்டு, கடன் வாங்கினவன் செத்துட்டாலும் விட மாட்டாங்க, பேயா வந்து வேலை செஞ்சு அடைக்கணும். 2013ல இதுக்கு எக்ஸ்டார்ட்னு ஒரு ரூல் குடுத்தாங்க: நீங்க எந்த ஸ்பெல் (மந்திரக் கார்டு) போட்டாலும் கூட ஒரு மானா குடுத்தீங்கன்னா எதிராளிங்க ஆளுக்கு ஒரு லைஃப் இழப்பாங்க, அது உங்க கணக்குல ஏறும். ஒரு லைஃப்தானேன்னு இருப்போம், பத்து டர்ன் கழிச்சுப் பாத்தா அசல் மொத்தமும் போயிருக்கும். அச்சு அசல் கந்துவட்டி.

உங்க பையன் மட்டும் இல்ல மேடம், உலகம் பூரா நான் இந்த கில்டு நான் அந்த கில்டுன்னு டி-ஷர்ட் போட்டுத் திரியுறாங்க. கம்பெனிக்கு மகா லாபமான ஐடியா, அதையும் சொல்லிடணும்.

சேலம் வாசகர்: ப்ளாக் லோட்டஸ் கார்டு லட்சக்கணக்குல விலை போகுதே, அதுக்குப் பின்னாடி என்ன கதை?

ஒரு கதையும் இல்ல. ஃப்ளேவர் டெக்ஸ்ட், அதான் கார்டுக்குக் கீழ சாய்வெழுத்துல வர்ற கதை வரி, அது கூட கிடையாது. காசில்லாம மூணு மானா, கிறிஸ்டோபர் ரஷ் வரைஞ்ச ஒரு பூ, அவ்ளோதான். மீதியெல்லாம் ஏலக்காரங்க எழுதின கதை.

புதுச்சேரி வாசகர்: உர்ஸா, மிஷ்ரா அண்ணன் தம்பி கதைய முழுசா சொல்ல முடியுமா? எங்க பாத்தாலும் துண்டு துண்டாவே இருக்கு.

துண்டு துண்டாதான் சார் வந்துச்சு, அதுதான் அதோட அழகே. 1994 மார்ச்ல ஆன்டிக்விட்டீஸ்னு ஒரு செட், பேருக்கேத்த மாதிரி பழம்பொருள். அதுக்கு முன்னாடி மேஜிக் கார்டுல கதைன்னா அங்கங்க ஒரு பேரு, ஒரு வரி. இதுலதான் முதல் தடவை ஒரு செட் முழுக்க ஒரே கதையோட மிச்சம் மீதி. கதை நடந்து முடிஞ்சு போச்சு, நம்ம கைக்கு வர்றது தோண்டி எடுத்த மெஷினும் பட்டறையும் சுரங்கமும்தான், பூஸ்டர் பேக்கை (உள்ள என்ன கார்டுன்னு தெரியாம வாங்குற பாக்கெட்) பிரிக்கிறவன் அகழாய்வு பண்றவன் மாதிரி அதை வச்சு என்ன நடந்திருக்கும்னு ஊகிக்கணும்.

நடந்தது இது. ரெண்டு பசங்களும் டொகேசியான்னு ஒரு ஆராய்ச்சிக்கார அம்மாகிட்ட வேலை கத்துக்கிறாங்க, அவங்க வேலையே பழைய மெஷின்களைத் தோண்டி எடுக்கிறது. கோய்லோஸ்னு ஒரு குகையில ஒரு கல்லு கிடைக்குது, இவங்க கை பட்டதும் ரெண்டா உடையுது, உர்ஸா கையில மைட்ஸ்டோன், மிஷ்ரா கையில வீக்ஸ்டோன். ரெண்டு பேருக்கும் அடுத்தவன் கையில இருக்கிற பாதி வேணும், அவ்ளோதான், அதுக்கப்புறம் பங்காளிச் சண்டை நாட்டுச் சண்டையாகி, ஆளுக்கொரு பக்கம் மெஷின் படை கட்டி, அதுக்கு இரும்பும் மரமும் வேணும்னு மலையைக் குடைஞ்சு காட்டை மொட்டையடிச்சு, கடைசில ஆர்கோத்னு மிச்சம் இருந்த ஒரு பச்சைத் தீவுலயும் வந்து நின்னு, உர்ஸா சைலெக்ஸ்னு ஒரு கிண்ணத்தை வெடிக்க வைக்கிறார். தீவு காலி, கூடவே உலகத்தோட தட்பவெப்பமும் கெட்டு பனிக்காலம் வந்துடுது. 1995ல வந்த ஐஸ் ஏஜ் செட் இந்தப் பாவத்தோட பலன்தான்.

இதையெல்லாம் படிக்காம கார்டை மட்டும் பாருங்க. மிஷ்ராஸ் ஃபேக்டரிங்கிற லேண்ட் கார்டு நாலு படத்தோட வந்துச்சு, வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம், நாலுலயும் ஃபேக்டரி அப்படியே நிக்குது, சுத்தி இருக்கிற பருவம்தான் மாறுது. உர்ஸாவோட மைன், பவர் ப்ளான்ட், டவர் மூணும் தனித்தனியா இருந்தா ஆளுக்கு ஒரு மானாதான் தரும், மூணும் சேர்ந்துட்டா மொத்தம் ஏழு. அப்புறம் ஸ்ட்ரிப் மைன், உங்க நிலத்தைப் பலி குடுத்து எதிராளி நிலம் ஒண்ணை நாசம் பண்றது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஸ்ட்ரிப் மைன் போட்டுக்கிட்டு மானா இல்லாம ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுட்டு உக்காந்திருப்போம் பாருங்க, அதுதான் அந்த அண்ணன் தம்பி போர்.

2022 நவம்பர்ல இதே கதைய த பிரதர்ஸ் வார்னு முழு செட்டா போட்டாங்க. அதுல ஒரு வேலை பண்ணியிருந்தாங்க: உர்ஸா ஒரு கார்டு, மைட்ஸ்டோனும் வீக்ஸ்டோனும் சேர்ந்து இன்னொரு கார்டு, ரெண்டையும் திருப்பிப் போட்டு பக்கத்துல வச்சா பின்பக்கம் ஒட்டி ஒரே பெரிய கார்டாகி உர்ஸா ப்ளேன்ஸ்வாக்கர் ஆயிடுவார். கதைல அந்த வெடிப்புக்கு அப்புறம் ரெண்டு கல்லும் அவரோட ரெண்டு கண்ணா போயிடும், அதைத்தான் அட்டையில காட்டுறாங்க. தம்பி மிஷ்ராவும் இதே மாதிரி சேருவான், ஆனா கல்லோட இல்ல, ஒரு ட்ராகன் மெஷினோட, மனுஷன் எங்க முடியுது இரும்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிச்சு ஒரு கதைக்குச் செஞ்ச மரியாதைன்னா இதைத்தான் சொல்லுவேன்.

பெங்களூர் வாசகர்: சார், நம்ம நாட்டை வச்சு ஒரு உலகம் இருக்காமே? நல்லா இருக்கா, இல்ல பாம்பாட்டி, யானைன்னு வழக்கம் போலவா?

2016 செப்டம்பர்ல வந்த கலாடேஷ். நானும் பாம்பாட்டியைத்தான் எதிர்பாத்தேன், ஆனா அவங்க எடுத்துக்கிட்டது இன்ஜினியர்களை. கிராபூர்னு ஒரு நகரம், பித்தளைக் கம்பியில சுழி சுழியா பின்னின கட்டிடம், பறக்கிற சின்னச் சின்ன மெஷின், கண்டுபிடிப்பாளர்களுக்குன்னு ஒரு பெரிய பொருட்காட்சி, சேலை மடிப்பு மாதிரி உடை. ஈதர்னு ஒரு சக்திதான் எல்லாத்தையும் ஓட்டுது, அதை யாருக்கு எவ்ளோன்னு அளந்து விடுறது கான்சுலேட்ங்கிற அரசாங்கம், அளந்து விடுற இடத்துல என்ன நடக்கும்னு நமக்கா தெரியாது? கள்ளத்தனமா கடத்துறவங்க, ரகசியப் பட்டறை, 2017 ஜனவரில அடுத்த செட்லயே புரட்சி. ஈதரை ரூல்ல எனர்ஜின்னு வச்சாங்க, மானா மாதிரி அப்பப்ப கரைஞ்சு போகாது, சேத்து வச்சுக்கலாம், அதனால ஆடுறவங்க எல்லாரும் பதுக்கல்காரங்களா ஆயிட்டாங்க. வண்டிகளும் இதுலதான் முதல்ல வந்துச்சு, உங்க ஆளுங்க யாராச்சும் ஏறி ஓட்டினாதான் நகரும். கடத்தல்காரனோட காப்டர்னு ஒரு வண்டி எல்லா டெக்லயும் பறக்க ஆரம்பிச்சு 2017 ஜனவரில ஸ்டாண்டர்ட் ஃபார்மட்ல (சமீபத்து செட் கார்டு மட்டும் ஆடுற போட்டி வகை) தடையே போட்டாங்க.

தீ மந்திரம் போடுற ப்ளேன்ஸ்வாக்கர் சந்திரா நலார் இந்த ஊருப் பொண்ணுதான். பேரு விஷயத்துல மட்டும் கொஞ்சம் அள்ளித் தெளிச்சிருக்காங்க, ரஷ்மின்னு ஒரு எல்ஃப், ஓவியா பஷீரின்னு உயிர் உள்ள மாதிரி மெஷின் செய்யுற ஒரு பாட்டி. பாட்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2025ல ஈதர்ட்ரிஃப்ட்னு ரேஸ் செட்ல மறுபடி அந்த ஊருக்குப் போனப்ப, புரட்சிக்கு அப்புறம் ஊர்ப் பேரே அவிஷ்கார்னு மாறியாச்சு. கலாடேஷ்ல தப்பிச்ச நம்ம மானம் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 2014ல, டார்கிர்ங்கிற உலகத்துல போயிடுச்சு, அங்க ராட்சசன்னா பூனை மூஞ்சி. மீசையாவது கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாம்.

நாகர்கோவில் வாசகி: கதைய அப்படியே ரூலா மாத்தின கார்டு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்களேன்.

ஷஹ்ராஸாத். 1993 டிசம்பர்ல, ஆயிரத்தோரு இரவுகளை வச்சு கார்ஃபீல்ட் செஞ்ச அரேபியன் நைட்ஸ் செட்ல வந்தது. கதைக்குள்ள கதை சொல்லி உயிர் பொழைச்சவ இல்லையா அவ? இந்தக் கார்டைப் போட்டா நடந்துட்டு இருக்கிற ஆட்டத்தை அப்படியே நிறுத்திட்டு, மிச்சம் இருக்கிற லைப்ரரிய டெக்கா வச்சு உள்ளுக்குள்ள இன்னொரு ஆட்டம் ஆடணும், அதுல ஜெயிக்காதவருக்கு வெளி ஆட்டத்துல பாதி லைஃப் போயிடும். உள் ஆட்டத்துலயும் இன்னொரு ஷஹ்ராஸாத் வந்துச்சுன்னா அதுக்குள்ள இன்னொண்ணு. டோர்னமென்ட்ல தடை, தடை போடலைன்னா விடிஞ்சிருக்கும்.

ஒண்ணே ஒண்ணுன்னீங்க, இருந்தாலும் ஸ்க்வீயையும் சொல்லிடுறேன். 1999ல வந்த கோப்ளின் (குட்டிச்சாத்தான் மாதிரி ஒரு ஜாதி) பொடியன், செத்துப் போனா அடுத்த டர்ன் கிரேவ்யார்டுல இருந்து கைக்குத் திரும்பிடுவான். கதைல அவனுக்கு சாகா வரம் கிடைக்கிறது ஆசீர்வாதமா இல்ல, வில்லன் திரும்பத் திரும்பக் கொன்னு விளையாடுறதுக்காக.

திருச்சி வாசகர்: கார்டுக்குக் கீழ சாய்வெழுத்துல இருக்கிற வரியை யாராச்சும் படிக்கிறாங்களா?

படிக்கிறாங்க, அதுக்கு சாட்சி ஹான்ஸ். 1995 ஐஸ் ஏஜ்ல லூர்கோய்ஃப்னு ஒரு மிருகம், கீழ ஒரே வரி, ஓடு ஹான்ஸ் அது லூர்கோய்ஃப்னு சாஃபின்னு ஒருத்தி கத்துறா, அதுவே அவளோட கடைசி வார்த்தைன்னும் போட்டிருக்கும். படத்துல ஹான்ஸும் இல்ல, சாஃபியும் இல்ல. ஆனா ரசிகர்கள் அந்த வரியை விடவே இல்ல, 2004ல கேலி செட் ஒண்ணுல அந்த அலறலே ஒரு கார்டாச்சு, 2006ல சாஃபிக்கு சொந்தமா கார்டு வந்துச்சு. அவ என்ன செய்வா தெரியுமா, தன்னைப் பலி குடுத்து, அந்த டர்ன்ல சாகப்போற உங்க ஆள் ஒருத்தனைத் திரும்பக் கொண்டு வருவா. அப்புறம் ஒரு நாள் ஹான்ஸுக்கும் கார்டு வந்துச்சு. எப்பவோ ஒரு ஓரத்துல எழுதின வரிக்கு இப்படி ஒரு வாழ்வு.

ஈரோடு வாசகர்: ஆடுறவங்க ஜெயிச்சா கதை மாறுற மாதிரி கேம் இருக்கா?

இருந்துச்சு, ஆனா மேஜிக் இல்ல. 1995ல வந்த லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ். நண்டு, கொக்கு, சிங்கம், தேள்னு குலங்கள், ரோகுகான்னு ஒரு நாடு, பெரிய டோர்னமென்ட்ல எந்தக் குலத்து டெக் ஜெயிக்குதோ அந்தக் குலத்துக்கு கதைல நல்லது நடக்கும், அடுத்த செட்டே அதுக்கேத்த மாதிரி வரும். ஆளுங்க வெறித்தனமா ஆடினாங்க, தோத்தா கோப்பை மட்டும் போறதில்ல, தலைவனோட மானமும் போகுமே. 2015ல கேமை வேற கம்பெனிக்கு வித்தாங்க, 2017ல புது வடிவம் வந்து 2021ல அதுவும் நின்னுடுச்சு. மேஜிக்ல கதை ஆபீஸ்ல முடிவாகுது.

சென்னை வாசகர்: ஸ்பைடர்மேன் எல்லாம் மேஜிக்ல வர்றானே, உலகம் கட்டுறது முடிஞ்சுதா?

வயித்தெரிச்சலைக் கிளப்புறீங்க. 2025ல ஃபைனல் ஃபேன்டஸி, ஸ்பைடர்மேன்னு வரிசையா இரவல் உலகம், அதையெல்லாம் ஸ்டாண்டர்ட்லயும் ஆடலாம்னு வேற சொல்லிட்டாங்க. ட்ராகன் கூட்டத்துக்கு நடுவுல நியூயார்க் பையன் தொங்கிட்டு வர்றது எனக்கு ஒட்டல, சொந்த உலகத்துக்கு ஒதுக்குற இடம் அந்த அளவுக்குக் குறையுதுங்கிறதுதான் வருத்தம். ஆனா பொத்தாம் பொதுவா திட்டவும் முடியல. 2023ல லார்ட் ஆஃப் த ரிங்ஸ் செட்ல வந்த அந்த மோதிரத்தைப் பாருங்க: போட்டவுடனே உங்க அடுத்த டர்ன் வரைக்கும் யாரும் உங்களைத் தொட முடியாது, அப்புறம் தட்டத் தட்ட (கார்டைப் பக்கவாட்டுல திருப்பி உபயோகிக்கிறதுதான் தட்டு) கார்டு அள்ளலாம், ஆனா ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுமை ஏறும், எவ்ளோ சுமையோ அவ்ளோ லைஃப் ஒவ்வொரு டர்னும் போகும். கழட்டித் தொலைடான்னு மனசு சொல்லும், கை கேக்காது. மாடர்ன்னு இன்னொரு போட்டி வகையில எல்லாரும் அதையே போட்டு 2024 டிசம்பர்ல தடை பண்ற அளவுக்குப் போச்சு. இரவல் உலகம்தான், ஆனா வேலை சுத்தம்.

தஞ்சாவூர் வாசகர்: நானும் நண்பர்களும் சொந்தமா ஒரு கார்டு கேம் செய்யுறோம். நாற்பது பக்கம் வரலாறு எழுதியாச்சு, ராஜ வம்சம், வரைபடம் எல்லாம் ரெடி. கார்டுல எப்படிக் கொண்டு வர்றது?

அந்த நாற்பது பக்கத்தைப் பத்திரமா பீரோவுல வைங்க. இப்போ உங்க உலகத்துல அஞ்சு ஆளை எடுத்துக்கோங்க, பேரை மறைச்சிட்டு கார்டு என்ன செய்யும்னு மட்டும் ஒரு சீட்டுல எழுதி கதை தெரியாத ஒருத்தர்கிட்ட குடுங்க. இவன் திருடன், இவ சபதம் எடுத்தவ, இவன் ஊரைக் காட்டிக் குடுத்தவன்னு அவரே சொல்லிட்டார்னா கேம் தேறிடுச்சு. எல்லாமே ரெண்டு அடி, மூணு அடின்னுதான் இருக்குதுன்னா வரைபடம் எவ்ளோ அழகா இருந்தும் புண்ணியம் இல்ல. ராஜ வம்சத்துல எத்தனை தலைமுறைன்னு யாரும் கேக்க மாட்டாங்க, ராஜா கார்டை வச்சா மத்த கார்டு எப்படி நடுங்குதுன்னுதான் பாப்பாங்க. படம் வரையுறவருக்கு மட்டும் தாராளமா எழுதிக் குடுங்க, வீடு எப்படி, விளக்கு எப்படி, செருப்பு எப்படின்னு. மேஜிக்லயும் ஒவ்வொரு உலகத்துக்கும் முதல்ல ஓவியர்களை உக்கார வச்சு ஒரு படக் கையேடு தயார் பண்ணிட்டுதான் வெளி ஓவியர்களுக்கு வேலையே பிரிச்சுக் குடுப்பாங்க.

காரைக்குடி வாசகி: கதை மட்டும் போதும், கார்டு வாங்கக் காசில்ல. எங்க ஆரம்பிக்கலாம்?

காசே வேணாம். கம்பெனியோட சொந்த வெப்சைட்லயே ஒவ்வொரு செட்டோட கதையும் ஓசியில கிடக்கு. ஆட்டமும் பாக்கணும்னா மேஜிக் அரீனா ஆப் ஃபோன்லயே ஓடும், அதுவும் ஓசிதான், உள்ள காசு கேட்டு நச்சரிக்கும், கண்டுக்காதீங்க. 2018ல வந்த டொமினேரியா செட்ல ஆரம்பிங்க. அதுல சாகான்னு ஒரு வகை கார்டு இருக்கு, டர்னுக்கு ஒரு அத்தியாயமா நடக்கும், ஹிஸ்டரி ஆஃப் பெனாலியாங்கிறதை எடுத்துக்கிட்டா படம் சர்ச் ஜன்னல் கண்ணாடி ஓவியம் மாதிரி நெட்டுக்கு இருக்கும், முதல் ரெண்டு அத்தியாயத்துல ஆளுக்கொரு வீரன் வருவான், மூணாவதுல எல்லா வீரனும் பலமாகி ஒண்ணா பாய்வாங்க. அது புரிஞ்சு பிடிச்சுப் போச்சுன்னா ரவ்னிகாவுக்குப் போங்க, மதுரைக்கார பையன் அங்கதான் இருப்பான்.